கழற்றி விற்ற சத்தம்

ராணுவ ஏலத்தில் வந்த பழைய லாரியில் ஜல்லி ஓட்டுகிறேன். வண்டி திருத்தணி மலையடிவாரத்தில் நிற்கும். கிருத்திகைதோறும் சாமி கும்பிட்டு இறங்கும் ஒரு அம்மா, நான் வண்டியைக் கிளப்பும்வரை கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் நிற்பார். ஒருநாள் காரணம் கேட்டேன்.

“எங்க வூட்டுக்காரரு மிலிட்டரில இந்த மாதிரி வண்டிதாங்க ஓட்டிகினு இருந்தாரு. குவார்ட்டர்ஸ்ல இந்தச் சத்தம் கேட்டாத்தான் உலை வெப்பேன். அவரு இப்ப இல்லீங்க.”

இதைக் கேட்ட பிறகும்தான் அந்தத் தவறைச் செய்தேன். டீசல் அதிகம் குடிக்கிறது, பார்ட்ஸ் கிடைப்பதில்லை என்ற எரிச்சலில் பழைய இஞ்சினைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு, வேறு லாரியின் இஞ்சினை மாட்டினேன். அந்த அம்மாவின் நினைவு வராமல் இல்லை. வெறும் சத்தம்தானே என்று தள்ளிவிட்டேன்.

ஆடிக் கிருத்திகையன்று அதே இடத்தில் வந்து கண்ணை மூடி நின்றார். சுற்றிலும் பஸ்களும் வேன்களும் உறுமிக்கொண்டிருந்தன. நான் சாவியைத் திருப்பினேன். மாற்றிய இஞ்சின் ஓடத் தொடங்கியது; அதன் சத்தம் மற்ற வண்டிகளின் சத்தத்தோடு கலந்துவிட்டது. அவர் அசையவில்லை. வெகுநேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

“இன்னும் எடுக்கலீங்களா?”

“இன்னைக்கு வண்டி கெளம்பாதும்மா” என்று சொல்லி இஞ்சினை அணைத்தேன்.

“ஆங், பரவால்லீங்க. அடுத்த கிருத்திகைக்கு வரேன்” என்று போனார்.

மறுநாள் இரும்புக் கடைக்கு ஓடினேன். உடைத்துவிட்டார்களாம். இப்போதெல்லாம் எதிரே ராணுவ லாரி வந்தால் ஓரங்கட்டி நின்று, அது மறையும்வரை கண்ணை மூடிக் கேட்கிறேன்.