பல்லவியில் போட்ட சண்டை

பொங்கலுக்கு முந்தைய அந்த வாரங்களில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அம்பத்தூர் அலுவலகத்தில் நான் சோதித்துக்கொண்டிருந்த மென்பொருள் முடிந்து வாடிக்கையாளரிடம் போய்விட்டது. அடுத்த வேலை இன்னும் ஒதுக்கவில்லை. எங்கள் தொழிலில் இதற்கு ‘பெஞ்ச்’ என்று பெயர். சம்பளம் வரும், வேலை வராது. பூந்தமல்லி அருகே நூம்பலில், இரண்டாவது மாடியில் இருந்த எங்கள் வீட்டில் மடிக்கணினியைத் திறந்து வைத்து மெயில் வந்ததா என்று பார்ப்பேன். பால்கனிக்குப் போவேன். உலர்ந்த துணிகளை மடிப்பேன். திரும்ப வந்து பார்ப்பேன்.

தங்கை என்னைவிட மோசமாக இருந்தாள். பத்தாவது படிக்கிறாள். எங்கள் குடியிருப்பில் அவள் வயதுப் பெண்கள் நான்கு பேர். பள்ளி வேன், டியூஷன், சாயங்கால ஷட்டில் விளையாட்டு எல்லாம் ஒன்றாகத்தான். தீபாவளிக்குப் பிறகு மற்ற மூவரும் இவளை விட்டுவிட்டு வாட்ஸ்அப்பில் தனி குரூப் தொடங்கிவிட்டார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. பொங்கல் விழாவில் அந்த மூவரும் மேடையேறப் போகிறார்கள் என்பதே வாசலில் இருந்த செக்யூரிட்டி அண்ணன் சொல்லித்தான் இவளுக்குத் தெரிந்தது.

விழாவில் சினிமாப் பாட்டு கூடாது என்பது குடியிருப்போர் சங்கத்தின் முடிவு. போன வருடம் ஏதோ ஒரு பாட்டின் வரிகளுக்காகப் பெரியவர்கள் அடித்துக்கொள்ளாத குறை. ஆகவே மூவருக்கும் சொந்தப் பாட்டு வேண்டும். கையில் ஒரு வரிகூட இல்லை. அந்த மூவரில் சி பிளாக் பெண் வைத்ததுதான் சட்டம். அவள் அப்பா பூந்தமல்லியில் துணிக்கடை வைத்திருக்கிறார். தங்கை வெட்கத்தை விட்டு அவளிடமே போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

“பாட்டு கொண்டா, அப்புறம் பாக்கலாம்னா.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான். பாட்டு இருந்தா நான் உள்ள, இல்லன்னா வெளிய. நீ எழுதிக் குடுக்கா.”

“எனக்குப் பாட்டெல்லாம் எழுத வராது.”

“உனக்கு எதுக்கு வரணும்? அதுக்குத்தான் டூல் கீதே!”

சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். “கீது, கூதுன்னு பேசாதன்னு எத்தன வாட்டி சொல்றது?”

செயற்கை நுண்ணறிவால் பாட்டெழுதும் ஓர் இலவசக் கருவியை என் போனில் திறந்தேன். வயது, மனநிலை, எதைப் பற்றி, திரும்பத் திரும்ப வரவேண்டிய சொல் என்று வரிசையாகக் கட்டங்கள். கட்டங்களைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. இது நான் அறிந்த வேலை. ஒரு கட்டத்தை மட்டும் மாற்றி, மற்றதை அப்படியே விட்டு, என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும். முதலில் ‘பதினைந்து, மகிழ்ச்சி, நட்பு’ என்று கொடுத்தேன்.

“வானவில் தோழியே, வண்ணங்கள் நீயே, வாழ்வெனும் பாதையின் வெளிச்சமும் நீயே” என்று படித்துக் காட்டினேன்.

“காலைல பிரேயர்ல பாடற மாதிரி கீது.”

மனநிலையைக் ‘குறும்பு’ என்று மாற்றினேன். “கேம்பஸ் கேட்டு, ஹார்ட்டு பீட்டு, கேண்டீன் சீட்டு, நீதான் ஸ்வீட்டு.”

“கேம்பஸா? டென்த்தே தாண்டல. இத எடுத்துகினு போனா கலாய்ச்சே கொன்னுடுவாளுங்க.”

நான் விடவில்லை. ஒவ்வொன்றிலும் இருந்த குறையை அலுவலகப் பழக்கத்தில் எழுதிக்கொண்டே போனேன். நிலா அளவுக்கு மிஞ்சி வருகிறது. எந்தப் பாட்டிலும் ஊர் இல்லை. யாருக்கும் யார்மேலும் கோபம் இல்லை. மூன்றாவது குறையை எழுதும்போதே தங்கை போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

“நீ அதுக்குப் பரீட்ச வெச்சிகினு கீற. தள்ளு.”

‘எதைப் பற்றி’ என்ற கட்டத்தில் அவள் எதைப் பற்றியும் எழுதவில்லை. சண்டை போட்டாள். கட்டைவிரல்கள் பறந்தன. முடித்ததும் எட்டிப் பார்த்தேன்.

“மூணு பேரும் பூந்தமல்லி போய் பானிபூரி துன்னீங்க. ஸ்டேட்டஸ்ல பாத்தேன். எனக்கு மட்டும் சொல்லல. கேட்டா மறந்துட்டோம்றீங்க. மறந்துட்டு எப்டி மூணு பேரும் ஒரே கலர்ல டிரஸ் போட்டீங்க?”

நான் அதை நட்பு, மகிழ்ச்சி என்றெல்லாம் மாற்றச் சொல்வதற்குள் பொத்தானை அழுத்திவிட்டாள். கருவி கொஞ்சம் யோசித்துத் தந்தது:

ஸ்டேட்டஸ் பாத்தேன், சிரிக்கிறீங்க
ஒரே கலருல ஜொலிக்கிறீங்க
மறந்துட்டோம்னு நடிக்கிறீங்க
எனக்கு மட்டும் சொல்லல, சொல்லல, சொல்லல!

அவள் மேசையில் தட்டிப் பாடிப் பார்த்தாள். மூன்றாவது ‘சொல்லல’வில் குரலை மேலே தூக்கினாள். அவ்வளவுதான், பாட்டு எங்கள் வீட்டில் குடியேறிவிட்டது. அம்மா தோசை திருப்பும்போது முணுமுணுத்தாள். அலுவலக ஆன்லைன் கூட்டத்தில் மைக் அணைந்திருக்கிறதா என்று நான் சோதித்துக்கொண்டே இருந்தேன். எனக்குள் ஓயாமல் ஓடிய பாட்டு எந்நேரமும் வாய்க்கு வந்துவிடும்.

“இத அவங்ககிட்டயா கொண்டுபோகப் போற? அவங்களத் திட்டின பாட்டு.”

“வேற பாட்டு கீதா?”

கொண்டுபோனாள். அரைமணி நேரம் நான் பால்கனிக்கும் கதவுக்கும் நடந்தேன். வந்தவள் முகத்தில் பாதிச் சிரிப்புதான் இருந்தது.

“சி பிளாக்காரிக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. ‘எங்க சித்தி பசங்க அப்டியேதான்டி, கல்யாணத்துக்கு ஒரே கலர்ல போட்டுகினு வந்து என்ன மட்டும் உட்டுட்டாளுங்க’ன்றா. இன்னொருத்தி, அவ அண்ணன் அவள உட்டுட்டு சினிமாக்குப் போனத சொல்றா. நம்மளப் பத்தின பாட்டுன்னு ஒருத்திக்கும் தோணலக்கா.”

“உன்னச் சேத்துக்கிட்டாங்களா?”

“ரிகர்சல் என்னிக்குன்னு சொல்றோம்னாளுங்க.”

சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமை மதியம் கீழே கார் நிறுத்துமிடத்திலிருந்து கைத்தட்டல் கேட்டது. அதன்மேல் மூன்று குரல்கள். அவளுடைய வரி, அவள் தூக்கிய அதே இடத்தில் தூக்கப்பட்டு, இரண்டு மாடி ஏறி வந்தது. எனக்கு மட்டும் சொல்லல, சொல்லல, சொல்லல.

தங்கை கணக்குப் புத்தகத்தை மூடினாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

“நீ வராத.”

“அவங்ககிட்ட நான் ஒரு வார்த்த…”

“வராதன்னேன் இல்ல!”

படிகளில் தடதடவென்று இறங்கினாள். பாட்டு நின்றது. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். கீழே கார்களின் முன்பக்கம் மட்டும் தெரிந்தது. நல்ல மௌனமா, கெட்ட மௌனமா என்று பிரித்தறிய முடியவில்லை. பிறகு கைத்தட்டல் இல்லாமல் ஒற்றைக் குரல், அவளுடையது, பல்லவியை முதலிலிருந்து கடைசிவரை பாடியது. அவசரப்படாமல். அதற்குப் பின் பேச்சு, தாழ்ந்த குரலில், வெகுநேரம். இறங்கிப் போய்விடலாமா என்று வாசல்வரை போய், திரும்பி வந்தேன்.

மூச்சிரைக்க மேலே வந்தாள். கண் சிவந்திருந்தது.

“இது என்னப் பத்தியாடின்னு சி பிளாக்காரி கேட்டா.”

“நீ என்ன சொன்ன?”

“ஆமான்னேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா, சரணம் அவளுக்கு வேணுமாம். அவ பக்கத்த அவ சொல்லணுமாம். போன குடு, டைப் பண்ணணும்.”

“அப்போ நீ?”

“அவ சரணம் பாடுனா பல்லவி யாரு பாடுவா? நான்தான். சொல்லிட்டேன். ஒத்துகினா.”

போனை வாங்கிக்கொண்டு மறுபடி ஓடினாள். இந்த முறை நான்கு பேரும் பார்க்கிங்கை விட்டு வெளியே வந்து, என் பால்கனிக்கு நேர் கீழே சிமென்ட் தொட்டியின் விளிம்பில் நெருக்கி உட்கார்ந்தார்கள். சி பிளாக் பெண் போனை மடியில் வைத்து ஏதோ தட்டினாள், அழித்தாள், திரும்பத் தட்டினாள்.

“‘மறந்துட்டோம்’லாம் இல்லடி. பொய்தான் சொன்னோம்.”

“தெரியும்.”

“நீ வந்தா இவளுங்க ரெண்டு பேரும் உன்கூடவே பேசிகினு கீறாளுங்க. நான் சும்மா பின்னாடி வரணும். செம கடுப்பாவும்.”

“அத அப்பவே எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?”

“எப்டிடி சொல்றது?”

மற்ற இரண்டு பெண்களில் ஒருத்தி போனை எட்டிப் பிடித்தாள்.

“ஏய், ஏய், இரு, அதையும் டைப் பண்ணு!”