வெர்லினுக்கு ஓட்டுப் போடாதீர்கள்

கர்லூவுக்கு மேயர் கிடையாது, நகர்மன்றமும் கிடையாது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநில வரைபடத்தில் பெயர் இருக்கிறது, சாலையோரம் பலகையும் இருக்கிறது. ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு நாங்கள் ஊரே இல்லை, மாவட்டத்தின் ஒரு மூலை, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு நாய் குரைத்தால் நாயிடமே முறையிட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆனாலும் ஓட்டுப் போடுவதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஜனாதிபதியிலிருந்து கல்லறைத் தோட்ட வாரியம் வரை எல்லாவற்றுக்கும் போடுவோம். ஜனாதிபதியை வைத்து இங்கே யாரும் பேச்சை முறித்துக்கொண்டதில்லை. கல்லறைத் தோட்டத்தை வைத்துத்தான் முறித்துக்கொண்டிருக்கிறார்கள்.

லுட்விக் ஹ்ராபெக் குடும்பத்துக்கும் நோவோட்னி குடும்பத்துக்கும் அங்கே அடுத்தடுத்து இடம். நடுவில் ஒரு ஆள் படுக்கிற அகலத்தில் ஒரு துண்டு நிலம். அது யாருடையது என்பதற்கு எந்தப் பதிவும் இல்லை, இரண்டு பக்கமும் சத்தம் மட்டும் இருந்தது. நடுவில் மாட்டிக்கொண்டு முழித்த பழைய வாரிய உறுப்பினர் ஆம்ப்ரோஸ், முட்டிவலி என்று சொல்லி மகளோடு ஓமாஹா நகரத்துக்குப் போய்விட்டார். முட்டியில் ஒன்றும் இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

அவர் விட்டுப்போன பதவிக்கு யாரும் மனுப் போடவில்லை. அப்படியானால் வாக்குச்சீட்டில் பெயர் இருக்காது, வெறும் கோடு இருக்கும். வேண்டியவர் பெயரை நாமே எழுதலாம். தானியக் கிடங்கில் காலைக் காபிக்குக் கூடுகிறவர்கள் பேசிப் பேசி ஒரே பெயரில் வந்து நின்றார்கள்: வெர்லின் ப்ஷிபில்ஸ்கி.

ஊரில் பொக்லைன் வைத்திருப்பவர் வெர்லின் ஒருவர்தான். குழி தோண்டுவதெல்லாம் அவர்தான், கல்லறைக் குழி உட்பட. பனி கொட்டினால் கேட்காமலே நம் வாசலைச் சுத்தம் செய்துவிட்டு, நன்றி சொல்ல நாம் கதவைத் திறப்பதற்குள் வண்டியோடு மறைந்துவிடுவார். நாலு பேர் கூடினால் வேர்த்துவிடும் அவருக்கு. தேவாலய விருந்தில்கூட கோட்டு மாட்டுகிற கம்பத்துப் பக்கத்தில் இன்னொரு கோட்டு மாதிரி நின்றுகொண்டிருப்பார்.

தன் பெயர் அடிபடுவது காதில் விழுந்ததும் மனிதர் வீடு வீடாகக் கிளம்பிவிட்டார். என் வீட்டுக்கு வந்தபோது லுட்விக்கின் மனைவி மேவிஸும் இருந்தாள். வாக்குச்சாவடியில் அவளும் நானும்தான் பல வருஷமாக ஊழியர்கள்.

"ஒரு உதவி பண்ணுங்க, எனக்கு ஓட்டுப் போட்றாதீங்க" என்றார், தொப்பியைக் கையில் பிசைந்தபடி.

மேவிஸ் உருகிப்போனாள். "வெர்லின், இந்த ஊர்ல வாசப்படி ஏறி வந்து ஓட்டப் பத்திப் பேசின மொத ஆளு நீதான்யா. உன்னப் போயி எப்படி விடறது?"

"நான் வேணாம்னுல்ல சொல்றேன்!"

"அதத்தான் சொல்றேன். எவ்வளவு பணிவு பாரு!"

வாய்ப்பேச்சு பலிக்காது என்று கண்டதும் அவர் ஒரு பலகை எழுதினார். 'வெர்லின் ப்ஷிபில்ஸ்கிக்கு ஓட்டுப் போடாதீர்கள்.' அதைத் தீயணைப்பு வண்டிக் கொட்டகைக்கு எதிரே நட்டார். அவர் குடும்பப் பெயரை எப்படி எழுதுவது என்பது கர்லூவில் அதுவரை ஒருவருக்கும் தெரியாது. இப்போது எல்லாரும் வண்டியை நிறுத்தி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுப் போனார்கள்.

அந்தக் கொட்டகைதான் வாக்குச்சாவடி. தேர்தல் அன்று காலை தீயணைப்பு வண்டியை வெளியே தள்ளிவிட்டு மேசை போட்டோம். நான் முதலில் போய் வெர்லினிடம் சொன்னேன்: "பலகைய எடுங்க. சாவடிக்கு இவ்வளவு பக்கத்துல பிரச்சாரம் கூடாது."

"எனக்கு எதிரா நானே வச்சதும்மா இது!"

"எதிரா வச்சாலும் பிரச்சாரம் பிரச்சாரந்தான்."

பிடுங்கிக்கொண்டு போய், எல்லைக்கு அப்பால் சாலையில் பலகையைப் பிடித்தபடி நாள் முழுவதும் நின்றார். பலகை பெரியது, காற்று அதைவிடப் பெரியது. மனிதர் பாய்மரம் மாதிரி ஆடிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் எல்லாரும் கையசைத்துவிட்டு உள்ளே வந்தார்கள்.

மேவிஸுக்கு விதி என்றால் விதிதான். வருகிறவர் யாரானாலும் பெயரும் முகவரியும் சொன்னால்தான் பட்டியலில் விரல் நகரும்.

"பேரு?"

"ஏன்டி, நான் உன் புருஷன்டி."

"பேரு சொல்லுங்க சார். பின்னால ஆளு நிக்கிறாங்க."

பின்னால் ஒருவரும் இல்லை. லுட்விக் பெயரைச் சொன்னார், முகவரியையும் சொன்னார். "சாயந்தரம் அந்த முகவரிக்குத்தான் நீயும் வருவ" என்று முனகிவிட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டார்.

பெட்டி முத்திரையோடு மாவட்டத் தலைநகருக்குப் போனது. எழுதிப் போட்ட பெயர்களை அங்கே ஒரு குழு உட்கார்ந்து சரிபார்க்கும். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். அதுவரை யாரும் போனதில்லை. வெர்லின் போனார், மனைவி ட்ரூடியையும் கூட்டிக்கொண்டு. இந்தக் கூத்தைத் தவறவிடக் கூடாதென்று நானும் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

மாவட்ட எழுத்தர் கோலின் சீட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்தாள். பாதிப் பேர் பலகையைப் பார்த்து எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தார்கள். மற்றவை வேறு மாதிரி.

"'பொக்லைன் வெர்லின்'."

"நான் ஆட்சேபிக்கிறேன்" என்று வெர்லின் எழுந்தார்.

"அந்தப் பக்கம் வேற யாரு சார் பொக்லைன் வச்சிருக்கா?"

உட்கார்ந்தார்.

"'வேண்டாம் வேண்டாம்னு சொல்றவர்'." இதைக் குழு ஒதுக்கி வைத்தது. வெர்லின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம்.

"'ட்ரூடியோட புருஷன்'."

மறுபடி எழுந்தார். "அது யாரா வேணாலும் இருக்கலாம்!"

ட்ரூடி மெதுவாகத் திரும்பினாள். "என்ன சொன்ன?"

குழுவில் ஒருவர் இருமினார், இன்னொருவர் மேசைக்கடியில் எதையோ தேடக் குனிந்தார். அந்தச் சீட்டுக்கு வெர்லின் தன் ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

சந்தேகமானவற்றையெல்லாம் கழித்த பிறகும் அவருக்குத்தான் வெற்றி. லுட்விக் ஹ்ராபெக்குக்கு ஒரே ஒரு ஓட்டு விழுந்திருந்தது. கோலின் அதை வாசித்ததும் வெர்லினின் காது சிவந்ததில் அதைப் போட்டது யாரென்று தெரிந்துபோய், ரகசிய வாக்கெடுப்பின் மிச்சமும் அங்கேயே முடிந்தது.

"உறுதிமொழி எடுக்க மாட்டேன்னு சொல்லலாமா?"

"தாராளமா. இடம் காலின்னு அறிவிச்சு வேற ஆளப் போடுவாங்க" என்றாள் கோலின். "இந்த எண்ணிக்கையப் பாத்தா லுட்விக்கத்தான் கேப்பாங்க."

காரில் ஊருக்குப் பாதி வழி வந்துவிட்டோம். கடைசியில் ட்ரூடிதான் சொன்னாள். "லுட்விக் வந்தா மறுநாளே அந்தத் துண்டு நிலத்துல வேலி போட்ருவான். நோவோட்னிங்க அதப் பிடுங்குவாங்க. அப்புறம் நீ தோண்டப் போற குழி ஒண்ணா ரெண்டான்னு சொல்ல முடியாது."

வெர்லின் உறுதிமொழி எடுக்க வண்டியை மறுபடி மாவட்டத் தலைநகருக்கே திருப்பினார்.

முதல் கூட்டம் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில். மிளகாய்க் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் வைத்திருந்ததால் ஊரே வந்துவிட்டது. ஹ்ராபெக்குகள் ஒரு பக்கம், நோவோட்னிகள் மறுபக்கம். இரண்டு தரப்பும் கத்தித் தீர்த்தது. வெர்லின் வாயைத் திறக்கவில்லை, வேர்வையை மட்டும் துடைத்துக்கொண்டிருந்தார். எதிர்த்துப் பேச ஆளில்லாததால் சத்தம் தானாகவே தேய்ந்தது.

"ஏதாவது சொல்லுய்யா!" என்றார் லுட்விக்.

வெர்லின் தரையைப் பார்த்தபடி சொன்னார். "உங்கள்ல யாரு மொதல்ல சாகறாங்களோ, அந்த எடம் அவங்களுக்கு."

லுட்விக் மூத்த நோவோட்னியைப் பார்த்தார். மூத்த நோவோட்னி லுட்விக்கைப் பார்த்தார்.

"அவசரம் ஒண்ணும் இல்ல" என்றார் நோவோட்னி.

"எனக்கும் இல்ல" என்றார் லுட்விக்.

அந்தத் தீர்மானம் எழுத்தில் ஏறி வருஷங்கள் ஆகின்றன. இருவரும் இன்னும் திடமாக இருக்கிறார்கள். லுட்விக் சுருட்டை விட்டுவிட்டார், நோவோட்னி தினமும் நடக்கிறார்.

வெர்லின் இப்போது மூன்றாவது தடவையாக உறுப்பினர். இன்றுவரை ஒரு தடவைகூட மனுப் போட்டதில்லை, நாங்களும் கோட்டின்மேல் அவர் பெயரை எழுதாமல் இருந்ததில்லை. போன வசந்தத்தில் கல்லறைப் பாதைக்குச் சரளைக்கல் கேட்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போனவரை மூன்று பேர் மூன்று ஜன்னலுக்கு அலைக்கழித்தார்களாம். திரும்பி வந்து அவராகவே கூட்டம் கூட்டி, எழுந்து நின்று, சாப்பாடு ஆறிப்போகும்வரை பேசினார். ட்ரூடி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைக்க வேண்டியிருந்தது.