செலவான ஒரு காபி

காக்ஸ் டவுனில் வெளிநாட்டுச் செலவுக்கான கார்டு விற்கும் அந்தப் பெண், பேசும்போதெல்லாம் கையிலிருக்கும் கார்டால் மேசையைத் தட்டிக்கொண்டே இருப்பாள். எந்தக் கார்டு நல்லது என்று கேட்டேன்.

“எதுக்குப் போறீங்க, ஆன்ட்டி?”

“லண்டன்ல மருமகளுக்குப் பிரசவம்.”

நிறையப் பணம் போட்டுக்கொள்ளலாம் என்று எடுத்த பெரிய கார்டை உள்ளே வைத்துவிட்டாள். “அப்ப சின்னதே போதும். அடுப்படியில எங்க கார்டு தேய்க்கப் போறீங்க?”

அவள் முகத்தில் கரி பூசவேண்டும் என்றே விமானம் ஏறினேன்.

ஆறு மாதம் கழித்து, மீதிப் பணத்தைத் திரும்ப வாங்கப் போனேன். “பாத்தியாம்மா, காபி வாங்கிக் குடிச்சேன்” என்றேன்.

கணினியைப் பார்த்தாள். தட்டுவது நின்றது.

“இது ஒண்ணுதான் இருக்கு. அதுவும் ஏர்போர்ட்ல, திரும்பி வர்றப்ப வாங்கினது, ஆன்ட்டி.”

சிரித்திருந்தாலாவது நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவள் சிரிக்கவில்லை.