பெடலிலிருந்து எடுத்த கால்

யாராவது குரலை உயர்த்தினால் போதும், காலர் என்று நாங்கள் கூப்பிடுகிறவள் தையல் மெஷின் பெடலிலிருந்து காலை எடுத்துவிடுவாள். ஊசி பாதித் தையலில் நிற்கும். வலது கையைக் குப்புறக் கவிழ்த்து, கத்துகிறவரைப் பார்த்தபடி மெல்லக் கீழே இறக்குவாள். குரல் இறங்கும்வரை மெஷின் ஓடாது. அவள் காலர் வைத்து அனுப்பினால்தான் அடுத்தவள் சட்டைக்குக் கை தைக்க முடியும். அதற்கடுத்தவள் பக்கம் மூட்ட முடியும். ஐந்து நிமிடத்தில் இருபது பெண்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். கத்துகிறவர் பெரும்பாலும் நான்தான். இந்தத் தையல் கம்பெனியில் இந்த லைனுக்கு நான் சூப்பர்வைசர்.

காலர் தைப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். முப்பது வயசு இருக்கும். கொண்டையில் சாக்பீஸைச் செருகிக்கொண்டு நாளெல்லாம் அதைத் தேடுவாள். நூல் அறுந்தால் மெஷினோடு சண்டை: "உனக்கென்னடி அவசரம், ரயிலைப் பிடிக்கணுமா?" சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறப்பதற்கு முன் வீட்டுக்குப் போன் போடுவாள். அந்தப் பக்கம் இரண்டரை வயசு மகள். "குட்டிம்மா, அம்மா இன்னிக்கு நீலச் சட்டை தைக்கிறேன். பொத்தான் வெள்ளை. நல்லாருக்கா?" கேட்டுவிட்டுக் காத்திருப்பாள். பதில் வராது. வந்த மாதிரியே, "அப்படியா! சரி சரி" என்று அடுத்த விஷயத்துக்குப் போவாள். அந்தப் பிள்ளைக்கு இன்னும் நாலைந்து சொல்தான் வருகிறது.

அவள் அந்தப் பிள்ளையை வயிற்றில் சுமந்தபோது நான் கத்தாத நாள் கிடையாது. கழிவறைக்குப் போக எழுந்தால், "இதென்ன உங்க வீடா, நெனச்சா எழுந்து போக?" என்று லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்பேன். குனிந்து தைத்துக்கொண்டே அழுவாள். துணியில் ஈரம் பட்டால் கறை விழும் என்று அதற்கும் கத்தினேன். சொல்லவே வாய் கூசுகிறது.

போன மாதம் மகளை டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். மாசமாக இருந்தபோது ஓயாத மனக்கஷ்டம் ஏதாவது இருந்ததா என்று டாக்டரம்மா கேட்டாராம். மாமியார் முந்திக்கொண்டார். "பத்து மாசமும் அழுகைதான் டாக்டர். நல்லாப் பொறக்க வேண்டிய பிள்ளையைக் கெடுத்துட்டா." டாக்டரம்மா அதை ஒப்புக்கொள்ளவில்லை. தாய் நாள்கணக்கில் நொந்துகொண்டே இருந்தால் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சியையும் அது தொடலாம். ஆனால் இந்தப் பிள்ளை பேசாததற்கு அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றாராம். மூளை இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது, விடாமல் பேசுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள் என்று சொல்லி, ஒரு படிவத்தையும் கொடுத்து, வீட்டில் நிதானமாக எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் காலையில் காலர் அந்தப் படிவத்தை என் மேஜையில் வைத்தாள். மனக்கஷ்டம் இருந்ததா என்பதற்கு 'ஆம்' போட்டிருந்தாள். காரணம் எழுதுகிற கோடு காலியாக இருந்தது.

"நீங்க எழுதுங்க சார்."

"நான் எதுக்கும்மா?"

"வீட்டுல 'இவ அழுதா'ன்னு எழுதச் சொல்றாங்க. அழுதேன்தான், இல்லேன்னு சொல்லல. அழ வெச்சது யாருன்னும் எழுதணுமில்ல?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "மேல இருக்குறவங்க என்னை விரட்டினாங்க, நான் உங்களை விரட்டினேன். நான் மட்டும் சொகமாவா இருந்தேன்?"

"அப்போ அவங்களையும் சேர்த்து எழுதுங்க. இடம் பத்தலேன்னா பின்பக்கம் காலியாத்தான் இருக்கு."

லைன் மொத்தமும் எங்களையே பார்த்தது. அவள் நகர்கிற வழியாக இல்லை. எழுதினேன். 'வேலை இடத்தில் தினமும் திட்டு வாங்கினார். திட்டியவன் நான்.' கீழே கையெழுத்தும் போட்டேன். அவள் இரண்டு தடவை படித்துவிட்டு, மடித்து, சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். நன்றி கின்றி எதுவும் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தப் பெடல் விவகாரம். அவளுக்கு அடுத்த மெஷின்காரிக்கு இப்போது ஐந்து மாதம். அந்தப் பெண்ணின் காதில் ஒரு கத்தல் விழக் கூடாது, அவ்வளவுதான் காலரின் சட்டம். விஷயம் கேள்விப்பட்டு மேனேஜரே இறங்கி வந்தார். "வேலையை விட்டுத் தூக்கிடுவேன்!" என்று சத்தம் போட்டார். காலர் காலை எடுத்தாள். கையைக் கவிழ்த்தாள். "தூக்குங்க சார். அதையும் மெதுவாச் சொல்லுங்க, பக்கத்துல பிள்ளைத்தாச்சி இருக்கா." அவர் என்னைப் பார்த்தார். நான் நூல்கண்டுகளை அடுக்க ஆரம்பித்தேன். அடுக்கி வைத்ததையே மறுபடியும் அடுக்கினேன்.

நேற்று சாப்பாட்டு நேரத்தில் அவளைத் தாண்டிப் போனேன். போனில் மஞ்சள் சட்டையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவள் பேச்சை நிறுத்தினாள்.

"சார், வாங்க. இவகிட்ட ரெண்டு வார்த்தை பேசுங்க."

"நானா? பிள்ளைங்ககிட்ட எனக்கு என்ன பேசத் தெரியும்?"

"வயித்துக்குள்ள இருக்கும்போது தெனமும் உங்க குரலைத்தானே கேட்டா? அப்போ மட்டும் பேசத் தெரிஞ்சுதா?"

போனை நோக்கிக் குனிந்தேன். போனுக்குள் சின்னதாக மூச்சு விடுகிற சத்தம். தொண்டையைச் செருமினேன், அதுவே பெரிதாக விழுந்தது. ஒரு கையால் போனை என் வாயருகே நீட்டிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைக் குப்புறக் கவிழ்த்து, மெல்லக் கீழே இறக்கினாள் காலர்.