முழங்காலில் இரண்டு தட்டு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், லோகோ ஷெட் நண்பர்களுக்கும், எங்கள் தெருக்காரர்களுக்கும் வணக்கம். எங்கள் நைனா மறைந்து ஓராண்டு நிறைகிறது. படத்தைப் போட்டு நாலு பக்கத்தில் முடித்துவிடலாம் என்றான் என் தம்பி. "நைனாவுக்குச் சுத்தமா காது கேக்காதுன்றதை மட்டும் எழுதிடாதக்கா. ஊரே அவராண்ட வந்து கஷ்டத்தைச் சொல்லிட்டுப் போச்சு. இப்போ போயி அவருக்கு ஒண்ணுமே கேக்கலன்னு சொன்னா நல்லாவா கீது?" என்றான். நான் அதைத்தான் எழுதப்போகிறேன். வீட்டுக்கு மூத்தவள் நான். கோபமும் எனக்குத்தான் அதிகம்.

நைனா பிறந்தது காத்திவாக்கத்தில். அவருடைய அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. சிறு வயதிலேயே தாயை இழந்தவர், எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு ரயில்வேயில் கலாசியாக, அதாவது எடுபிடித் தொழிலாளியாகச் சேர்ந்தார். முதல் வேலை நீராவி என்ஜின்களின் சாம்பலை வாரிக் கொட்டுவது. அந்த என்ஜின்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவை. பக்கவாட்டில், அவற்றைச் செய்த ஊரின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு இருக்குமாம். அதைத் துடைத்துத் துடைத்தே இங்கிலீஷ் எழுத்தைக் கற்றுக்கொண்டதாகச் சொல்வார்.

படிப்படியாக உயர்ந்து பாய்லர் மேக்கர் ஆனார். பாய்லரின் உள்தகட்டையும் வெளித்தகட்டையும் பிடித்து நிறுத்த நூற்றுக்கணக்கான போல்ட்டுகள் உண்டு. நடுவில் ஒன்று முறிந்தால் கண்ணுக்குத் தெரியாது. நெருப்புப் பெட்டி ஆறியபின் அதற்குள் தவழ்ந்து போய், ஒவ்வொன்றையும் சுத்தியால் தட்டி, சத்தத்தை வைத்துத்தான் நல்லதா கெட்டதா என்று சொல்ல வேண்டும். தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்க இரும்பை அடித்தால் காது என்னாகும்? முப்பது வயதிலேயே மந்தமாகத் தொடங்கிவிட்டது. அதன் பிறகு இடது கை விரலைப் போல்ட்டின் தலையில் வைத்துக்கொண்டு தட்டுவார். காதுக்கு வராதது விரலுக்கு வந்துவிடும். அவர் பார்த்து அனுப்பிய பாய்லர் வழியில் நின்றதே இல்லை என்று ஷெட் நண்பர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

அந்த பாய்லரை வரைந்த இங்கிலாந்து என்ஜினியரோடு நைனாவுக்கு ஆயுள் முழுக்கச் சண்டை. முகம் தெரியாத அந்த மனிதரைச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து திட்டுவார். "ஒரு நாளாச்சும் உள்ள பூந்து பாத்துக்கிறானா அவன்? கையே போவாத எடத்துல போல்ட்டை வெச்சிக்கிறான் பாரு!" கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா மூளைக்காரன்பா" என்று அவரே சமாதானமும் ஆவார். அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்காது.

நீராவி என்ஜின்கள் நின்றபின் ரயில்வே ஸ்டோரில் சில வருடங்கள் இருந்து, ஓய்வு பெற்றுத் திருவொற்றியூரில் எங்கள் வீட்டில் அமர்ந்தார். காது மந்தம் என்று எங்களுக்குத் தெரியும். முகத்துக்கு நேராக வந்து கத்திப் பேசுவோம். நைனாவும் சரியாகப் பதில் சொல்வார். அவர் எங்கள் வாயசைவைப் பார்த்துத்தான் பேசினார் என்பது அவர் பிள்ளைகளான எங்களுக்கே தெரியவில்லை. அவ்வளவு கெட்டிக்காரர்.

நான் வாழ்க்கைப்பட்டது அரக்கோணத்தில். வாரம் ஒருமுறை டெலிபோன் பூத்திலிருந்து நைனாவுடன் பேசுவேன். என் கணவரின் தொழிற்சாலை மூடிக்கிடந்த நேரம், நர்சாகிய எனக்குக் குவைத்தில் வேலை வந்தது. பிள்ளைகள் இரண்டும் சின்னது. மாமியார் வீட்டில் ஒரே கலவரம். தம்பியும் வேண்டாம் என்றான். பூத்தில் நின்று அழுதுகொண்டே, "நைனா, நான் போவட்டுமா?" என்று கேட்டேன். பூத் மீட்டரில் எண் ஏறிக்கொண்டே இருந்தது. பிறகு அவர் குரல் வந்தது. "போம்மா. தைரியமா போ."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன். அங்கே எத்தனையோ நாள் ஓடிவந்துவிடலாமா என்று இருந்தது. நைனாவே போகச் சொன்னார் என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். இன்று என் பிள்ளைகள் கல்லூரியில் படிக்கிறார்கள்.

சென்ற ஆண்டு நைனா படுக்கையில் விழுந்ததும் ஓடிவந்தேன். சோதித்துப் பார்த்த டாக்டர், "ரெண்டு காதும் போயி ரொம்ப வருஷம் ஆச்சே, தெரியாதா?" என்றார். பத்து நாளில் நைனா போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்ததும் அம்மாவைப் பிடித்து உலுக்கினேன்.

"போனு வந்தா நான் ரிசீவருக்குப் பின்னாடி காதை வெச்சிக்குவேன். முட்டியில ஒரு தட்டு தட்டினா ‘உம்’ன்னுவாரு. ரெண்டு தட்டு தட்டினா ‘வாணாம்’னுவாரு. மீதிய அப்பால நான் வாயசைச்சி சொல்லுவேன்" என்றார் அம்மா.

"ஏம்மா என்னாண்ட மறைச்சீங்க?"

"உனுக்குத் தெரிஞ்சா என்னாண்டயே பேசிட்டு வெச்சிடுவியாம். அவரு கையில போனைக் குடுக்கச் சொல்ல மாட்டியாம். அதான்."

அடப்பாவி நைனா என்று அழுதேன். அழுதுகொண்டிருந்தபோதே சுருக்கென்று ஒன்று தைத்தது. நான் குவைத்தைப் பற்றிக் கேட்ட அன்று அம்மா வீட்டில் இல்லை. மீஞ்சூரில் சின்னம்மா வீட்டு வளைகாப்புக்குப் போயிருந்தார். அப்படியானால் அன்று முட்டியில் தட்டியது யார்? யாருமே இல்லையென்றால், எதையும் கேட்காமல் சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னாரா? எந்த வார்த்தையை நம்பி இரண்டு குழந்தைகளை விட்டுவிட்டுக் கடல் தாண்டினேனோ, அது எனக்குச் சொன்னதே இல்லையா? இந்த ஓராண்டும் அந்தக் கேள்வியோடுதான் தூங்கி எழுந்தேன்.

போன வாரம் நினைவு நாளுக்கு அழைப்புச் சொல்லக் காத்திவாக்கத்திலுள்ள கன்னியம்மா அக்கா வீட்டுக்குப் போனேன். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருபவர். கூடையை இறக்கிவைத்துவிட்டு, நைனாவிடம் தன் வீட்டுக் கதையைச் சொல்லி அழுதுவிட்டுப் போவார். அவரிடம் மன்னிப்புக் கேட்பதுபோல, "அக்கா, நைனாவுக்குக் காது கேக்காதுக்கா" என்றேன்.

"எனுக்குத் தெரியாதா? மொத நாளே சொல்ட்டாரே. ‘எனுக்குக் கேக்காதும்மா, நீ கொட்டிட்டுப் போ’ன்னாரு. கேக்காதவரு, அதான் வெக்கம் இல்லாம சொன்னேன். உங்கம்மா தட்டுறதப் பாத்துக்கீறேன். அது வூட்ல இல்லாதப்போ உன் போனுக்கு ரிசீவராண்ட காதை வெச்சி நானே தட்டிக்கீறேன்."

அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். "குவைத்துக்குப் போவட்டுமான்னு கேட்டேனே, அன்னிக்கி?"

"நாந்தான். நீ அழுவுற. ‘உம் பொண்ணு புள்ளைங்கள வுட்டுட்டு குவைத்துக்குப் போவட்டுமான்னு கேக்குது, வாணாம்னு சொல்லு’ன்னு வாயசைச்சிட்டு, முட்டியில நல்லா அழுத்தி ரெண்டு தட்டு தட்டினேன்."

"நைனா?"

"என் கையப் புடிச்சி நவுத்திட்டாரு. ரொம்ப நேரம் தரையவே பாத்துகினு இருந்தாரு. அப்பால ‘போம்மா, தைரியமா போ’ன்னாரு. எம்மேல கோவம் வேற! ரெண்டு நாளு மீனே வாங்கல தெரியுமா?"

அங்கேயே அவர் மடியில் முகத்தை வைத்து அழுதேன். ஓராண்டாக நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது இறங்கியது.

நைனாவின் கடைசி நாட்களில் தோள் கொடுத்த அண்டை வீட்டார், இரவு பகல் பார்க்காமல் மருத்துவமனையில் காத்திருந்த ஷெட் நண்பர்கள், காரியங்களை எடுத்து நடத்திய பங்காளிகள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கேட்காது என்று தெரிந்தும் தெரியாமலும் நைனாவிடம் வந்து பேசிய ஒவ்வொருவருக்கும் நன்றி. அவரை நீங்கள் தனியாக இருக்கவிடவில்லை. காதாக இருந்த அம்மாவுக்கு நன்றி. வேண்டாம் என்று இரண்டு முறை தட்டிய கன்னியம்மா அக்காவுக்கு எல்லோரையும்விடப் பெரிய நன்றி. அவர் தட்டியதால்தான், நைனா எல்லாம் தெரிந்தேதான் என்னைப் போகச் சொன்னார் என்று எனக்குத் தெரிந்தது.

தம்பி, ஒரு வரியையும் வெட்டாமல் இதை அப்படியே அச்சுக்குக் கொடு.

நைனாவின் மூத்த மகள்