தபசு மரத்துக்காக இளைத்தவன்

திருவேங்கடம் பாதி மரத்தில் நின்றுபோனதை வேலாம்பாக்கமே பார்த்தது. பார்த்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை, சிரித்தது.

வேலாம்பாக்கம் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற வழியில் இருக்கிற ஊர். அங்கே சித்திரையில் திரௌபதி அம்மனுக்குப் பாரதக் கூத்து வைத்தால் அர்ச்சுனன் தபசு என்று ஒரு நாள் உண்டு. ஏரிக்குக் கீழே உயரமான பனை ஒன்றை நட்டு, இரண்டு பக்கமும் கட்டைகள் அறைந்து, உச்சியில் ஒரு பரண் கட்டுவார்கள். அர்ச்சுனன் வேஷக்காரன் தோளில் வில்லோடு கட்டைக்குக் கட்டை பாடிக்கொண்டே ஏறி, உச்சியில் தவம் செய்து, அங்கிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் விபூதியும் வீசுவான். கீழே பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் முந்தானையை ஏந்தி நிற்பார்கள். மற்ற ஊர்களில் கூத்துக்காரரே ஏறிவிடுவார். இங்கே அது திருவேங்கடத்தின் குடும்பத்து உரிமை. அப்பாவுக்குப் பிறகு அவன்தான். மீசை அரும்பிய நாளிலிருந்து ஏறியவன், ஏறினால் அணில் தோற்றுப்போகும்.

அதெல்லாம் மறைமலைநகர் கம்பெனியில் அவனுக்கு வேலை கிடைக்கும் வரைக்கும்தான். கார் உதிரி பாகம் செய்கிற இடத்தில், பெட்டிகளைத் தூக்கி அடுக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிற வேலை. ஊர் முனைக்கே கம்பெனி பஸ் வரும். உட்கார்ந்த இடத்தில் உத்தியோகம். கேன்டீனில் வயிறு முட்டச் சாப்பாடு, நாலு மணிக்கு டீயும் போண்டாவும். காலையிலிருந்து சாயங்காலம் வரை வயலில் குனிந்து நிமிர்ந்த உடம்பை இப்படி நாற்காலியில் உட்கார வைத்துத் தீனி போட்டால் என்ன ஆகும்? ஊதித் தள்ளிவிட்டது.

தொண்ணூற்றேழு சித்திரையில் பாதி மரம் ஏறியதும் மூச்சு இரைத்தது. பாட்டு நின்றது. காலடியில் கட்டை கிறீச்சென்றது. மேலே போகவும் முடியவில்லை, ஒன்றும் வீசாமல் இறங்கவும் மனசு வரவில்லை. இருந்த இடத்திலிருந்தே பழத்தை வீசினான்.

"இன்னா அண்ணாத்த, சிவன் பாதி வழிக்கே எறங்கி வந்து வரம் குட்த்துட்டாரா?" என்று கூட்டத்தில் எவனோ கத்தினான். முந்தானை ஏந்தியவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். திருவேங்கடமும் சிரித்து வைத்தான். இறங்கி வந்து வேஷக் கொட்டகைக்குப் பின்னால் போனதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவமானம் என்றால் அப்படியொரு அவமானம்.

மறுநாள் தர்மகர்த்தா ராமானுஜம் கூப்பிட்டனுப்பினார். மழுப்பிப் பேசத் தெரியாத மனிதர். "அட்த்த வருசம் உன் சித்தப்பன் மவன் மோகன் ஏறட்டும்டா. நீ வுழுந்து வெச்சீனா கோயிலுக்குத்தான் பழி."

"பங்குனி வரிக்கும் டைம் குடுங்க. அதுக்குள்ள ஒடம்பு எறங்கலைன்னா நானே மோகன் கையில வில்லைக் குட்த்துட்றேன்."

ராமானுஜம் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரி, பாக்கலாம்" என்றார். அந்தப் 'பாக்கலாம்' திருவேங்கடத்துக்குச் சுருக்கென்று தைத்தது.

கம்பெனி டாக்டர் சொன்ன வழி எளிமையானதுதான். சோற்றைக் குறை, எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடாதே, நட. திருவேங்கடம் மறுநாளே கம்பெனி பஸ்ஸில் தான் டயட்டில் இருப்பதாக அறிவித்தான். அந்த வார்த்தையை வெளியே விட்டதுதான் தப்பாகிப் போனது.

"டயட்டா? நைனா, அதெல்லாம் சினிமாக்காரனுக்கு!" என்று பக்கத்து சீட்டு பன்னீர்செல்வம் பஸ்ஸே திரும்பிப் பார்க்கச் சிரித்தான். அன்றைக்கு நாலு மணிக்குத் தன் தட்டிலிருந்த போண்டாவையும் இவன் தட்டில் வைத்தான். வீட்டில் மனைவி விஜயகுமாரி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "ஏன்யா, என் கைச்சோறு கசக்குதா? இல்ல, வெளியவே கொட்டிக்கினு வர்றியா?" சதுரங்கப்பட்டினத்தில் கட்டிக்கொடுத்த அக்கா தெய்வநாயகி, சேதி கேட்டதும் வறுத்த மீனோடு பஸ் ஏறி வந்துவிட்டாள். "எளைச்சுப் பூட்டியே தம்பி!" என்று அவன் கன்னத்தைத் தடவிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் இறங்கியிருந்தது கால் கிலோகூட இருக்காது.

நம் பக்கத்தில் ஒருவன் டயட் என்று சொன்னால் அவன் வீட்டில் ஏதோ குறை என்று அர்த்தம். அந்தக் குறையைச் சோறு போட்டுத் தீர்க்க ஊரே கிளம்பிவிடும். காலையில் தீர்மானமாகக் கிளம்பினால் சாயங்காலம் ஏப்பத்தோடு திரும்புவான். தீபாவளி கழிந்து செங்கல்பட்டு ரயில்வே ஸ்டேஷனில், கலர் விளக்கு சுற்றுகிற எடை மெஷினில் ஏறிக் காசு போட்டான். விழுந்த அட்டையில் எடை முன்னைவிடக் கூடியிருந்தது. பின்பக்கத்தில் 'உங்கள் முயற்சி வெற்றி பெறும்' என்று ஜோசியம் வேறு. கேலி செய்வதற்கு மெஷினும் கற்றுக்கொண்டுவிட்டதா என்று அதை ஒரு உதை உதைத்துவிட்டு வந்தான்.

கார்த்திகையில் பன்னீர்செல்வம் புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். பந்தியில் அவன் மனைவி ராஜம் வடைத் தட்டோடு வந்து நின்றாள்.

"வேணாங்க."

"ஒண்ணே ஒண்ணு."

"ஐயோ, வேணாங்க."

"எங்க வூட்டு வடை உங்களுக்கு எறங்காதா?"

கோபமும் இயலாமையுமாக அவன் வாயில் தானாக வந்து விழுந்தது. "விரதங்க."

வடையோடு நீண்ட கை அப்படியே நின்றது. ராஜம் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "தெரியாம கேட்டுட்டேன், மன்னிச்சிடுங்கண்ணா. இன்னா விரதம்?"

"அம்மனுக்கு. தபசு வரிக்கும். ஒரு பிடி சோறு, கீரை, மோரு... எண்ணெய்ப் பலகாரம் கையால தொடக்கூடாது." பேசப் பேச விரதம் தானாகவே உருவாகி வந்தது. ராஜம் ஓடிப்போய் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்தாள். பையன் விஷாலுக்குப் பரீட்சை, அம்மனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றும் கேட்டுக்கொண்டாள்.

அட, இவ்வளவுதானா சூட்சுமம் என்று திருவேங்கடத்துக்குத் தலை சுற்றியது. அதற்கப்புறம் அவன் டயட் என்ற வார்த்தையையே மறந்தான். எங்கே போனாலும் விரதம்தான். எந்தப் பன்னீர்செல்வம் போண்டா வைத்தானோ அவனே கேன்டீனில் காவல் நின்றான். "யேய், அண்ணாத்த விரதம்பா, அந்த போண்டாவ அந்தாண்ட எட்துனு போ!" சாயங்காலம் பஸ்ஸை மெயின் ரோட்டிலேயே நிறுத்தச் சொல்லி ஊர் வரை நடந்தான். வழியில் பார்த்தவர்கள் வண்டியில் ஏறிக்கொள் என்று தொல்லை பண்ணவில்லை, கையெடுத்துக் கும்பிட்டார்கள். தை பிறப்பதற்குள் பேன்ட் இடுப்பில் நிற்க மறுத்தது. விஜயகுமாரி ஒன்றும் கேட்காமல் கீரையாக ஆய்ந்துகொண்டிருந்தாள்.

ஆனால் மனுஷப் புத்தி இருக்கிறதே! ஒரு நாள் சாயங்காலம் ஸ்டேஷன் மெஷினில் எடை நன்றாக இறங்கியிருந்தது. அந்தச் சந்தோஷத்தைக் கொண்டாட வேண்டாமா? எடை குறைந்த சந்தோஷத்தைப் பரோட்டா தின்று கொண்டாடப் போனான். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் மூலையாகப் பார்த்து உட்கார்ந்து, சால்னாவை ஊற்றி, முதல் பரோட்டாவைப் பிய்த்து வாய்க்குக் கொண்டுபோன நேரம், எதிரே பார்சலுக்கு நின்றிருந்தான் மோகன்.

"அண்ணாத்த... விரதம்னாங்களே?"

திருவேங்கடம் பரோட்டாவைத் தட்டிலேயே போட்டான். மோகன் ஊரில் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். டயட் முறிந்தால் சிரிப்பார்கள், அம்மன் பேரில் இருக்கிற விரதம் முறிந்தால் மரத்துப் பக்கமே விடமாட்டார்கள். வில் மோகன் கைக்குப் போய்விடும்.

மோகன் இரண்டு பக்கமும் பார்த்தான். எதிர் பெஞ்சில் உட்கார்ந்தான். தட்டைத் தன் பக்கம் இழுத்து மடமடவென்று தின்ன ஆரம்பித்தான்.

"இன்னாடா பண்ற?"

"நான் துன்னுகினு கீறேன். நீ துன்னல. கெளம்பு."

"டேய், எனக்குக் கெடைக்கலைன்னா வில்லு உனக்குத்தானடா வரும்?"

"அதான் அண்ணாத்த பேஜாரு!" மோகன் குரலைத் தாழ்த்தினான். டி.வி. ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன். "எனக்கு ஒசரம்னாலே ஒதறும். மாடில ஆண்டெனா திருப்பக்கூட ஆள வெச்சிதான் திருப்பறேன். ஊருக்குத் தெரிஞ்சா மானம் போவும். உன்னிய கும்பிட்டுக் கேக்கறேன், நீயே எளைச்சி ஏறிடு."

திருவேங்கடம் சிரித்துக்கொண்டுதான் கடையை விட்டு இறங்கினான். வீடு வரை அந்தச் சிரிப்பு நிற்கவில்லை. அம்மன் பேரைச் சொல்லிப் பொய்யாகத் திரிகிறோமே என்று வழியெல்லாம் உறுத்தியது. வந்ததும் விஜயகுமாரியிடம் போட்டு உடைத்தான்.

"எனக்குத் தெரியாதாக்கும்!" என்றாள் அவள். "உன் சட்டைய தொவைக்கறவ நான். பாக்கெட்டு பாக்கெட்டா எடை அட்டை. விரதக்காரன் எவன்யா ஸ்டேஷன்ல போய் எடை பாத்துகினு இருப்பான்?"

"தெரிஞ்சும் சும்மா இருந்தியா?"

"பாதி மரத்துல நின்னு நீ சிரிச்ச பாரு, அத நானும் கீழ நின்னு பாத்தேன்யா." ஆய்ந்துகொண்டிருந்த கீரையை அவன் பக்கம் தள்ளினாள். "டயட்டு ஒரு பரோட்டாவோட பூடும். அவ பேரைச் சொல்லிட்ட, இனிமே நெசமாவே இரு."

வெள்ளிக்கிழமை கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய், பூசாரி கையால் அவனுக்குக் காப்பாக மஞ்சள் கயிறு கட்டவைத்தாள். அன்றைக்குப் பிறகு பொய் சொல்ல வேண்டிய வேலையே இருக்கவில்லை. பசி இருந்தது. சில நாள் பசியில் ஃபோர்க்லிஃப்ட் பெட்டியெல்லாம் இட்லிப் பானையாகத் தெரிந்தது. தண்ணீரைக் குடித்துவிட்டு ஓட்டினான். பங்குனியில் ராமானுஜம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். வில்லை எடுத்து நீட்டினார்.

தபசு அன்று போன வருஷம் நின்ற கட்டை வந்தபோது கூட்டம் மூச்சுவிடவில்லை. திருவேங்கடம் அந்தக் கட்டையில் வேண்டுமென்றே நின்றான். நின்று, ஒரு பாட்டை முழுசாகப் பாடினான், மூச்சு இரைக்காமல். பிறகு ஏறினான். அணில் இல்லைதான், நாற்பது வயசுக்காரன். ஆனாலும் உச்சி வரை ஏறினான். பரணில் நின்று பார்த்தபோது ஏரியும் ஊரும் கழுக்குன்றத்து மலையும் ஒரே பார்வையில் தெரிந்தன. அவனுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. பழங்களை அள்ளி வீசினான். கீழே எல்லாரையும்விடப் பெரிசாக விசில் அடித்தது மோகன்.

தீமிதி முடிந்த மறுநாள் காப்பு அவிழ்த்தார்கள். திருவேங்கடம் வீட்டில் கறி விருந்து. பன்னீர்செல்வமும் ராஜமும் வந்திருந்தார்கள். தெய்வநாயகி முந்தின நாளே வந்து அடுப்பைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை மாதம் அடக்கி வைத்திருந்த பாசமெல்லாம் சட்டி சட்டியாக வெந்தது. இலையில் சோறு, குழம்பு, வறுவல். திருவேங்கடம் ருசித்து, ஒவ்வொரு கவளமாகச் சாப்பிட்டான். நாக்கு இன்னும் கேட்டது. வஞ்சகமில்லாமல் கேட்டது.

தெய்வநாயகி கரண்டியோடு குனிந்தாள். அவன் இலைக்கு மேல் கையை நீட்டி மறைத்தான்.

"போதும்க்கா."

"இன்னாடா போதும்? அதான் விரதம் முடிஞ்சி பூட்ச்சே!"

பந்தி மொத்தமும் அவனைப் பார்த்தது. சொல்வதற்கு இப்போது விரதமும் இல்லை, கையில் கயிறும் இல்லை. பன்னீர்செல்வம் சிரிக்கத் தயாராக வாயைத் திறந்து வைத்திருந்தான். தெய்வநாயகியின் கரண்டியிலிருந்து குழம்புச் சொட்டு அவன் புறங்கையில் விழுந்தது, சூடாக. அவன் கையை எடுக்கவில்லை.

"சாமிக்காகச் சொல்லலக்கா. நானாத்தான் சொல்றேன். போதும்."

தெய்வநாயகி நிமிர்ந்து, அந்தக் கரண்டிக் குழம்பைப் பன்னீர்செல்வத்தின் இலையில் ஊற்றினாள்.