தூங்கி எழுந்து போட்ட கையெழுத்து

செராமிக் பல் ஒன்றை இடுக்கியில் கவ்விக்கொண்டு ஜன்னலுக்கு நடக்கிறாள் தஸ்லீம். வேலப்பன்சாவடியில் செயற்கைப் பல் செய்யும் லேப் அது. மேசைக்கு மேசை வெள்ளை விளக்கு எரிகிறது. ஆனாலும் நிறம் பார்ப்பதென்றால் அவளுக்குச் சூரியன் வேண்டும். "டியூப்லைட்ல பாத்தா எல்லாப் பல்லும் ஹீரோயின் பல்லுதான். வெயில்ல காட்டுனாத்தான் வண்டவாளம் தெரியும்" என்பாள். பக்கத்து மேசைக்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுத் தங்கள் பல்லையும் அவளிடமே நீட்டுவார்கள்.

வயது இருபத்தொன்பது. டீ என்றால் பாயசம்போல இனிக்க வேண்டும். ராத்திரி ஒன்பதரைக்கு மாத்திரை போட்டுப் படுத்துவிடுவாள். சொந்தத்தில் கல்யாணம் என்றாலும் பிரியாணியை டப்பாவில் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிற ஆள். அவளுக்கு பைபோலார். மனசு சில சமயம் தலைகால் புரியாமல் பறக்கும்; சில சமயம் குளிக்கக்கூடத் தெம்பில்லாமல் சுருண்டு கிடக்கும். "பறக்கறதுக்கு முன்னாடி தூக்கம்தான் மொதல்ல போவும். அதான் தூக்கத்துக்குக் காவல் காக்கறேன்" என்று, சளி பிடித்ததைச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொல்வாள்.

பறந்த காலம் ஒன்று உண்டு. இருபத்திரண்டு வயதில், மனை விற்பவர்களின் இலவச வேனில் ஏறி நசரத்பேட்டையைத் தாண்டிப் போய், அவர்கள் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, தனக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று, இன்னும் பிறக்காத அண்ணன் பிள்ளைகளுக்கு இரண்டு என்று மனைகளுக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்தாள். அம்மா வஹீதுன்னிசாவின் நகைகள் அதில் போயின. பிறகு ஆஸ்பத்திரி. அன்றிலிருந்து அவள் கொஞ்சம் பலமாகச் சிரித்தாலே அண்ணன் சர்ஃபராஸ் "மாத்திரை போட்டியா?" என்பான். பாசத்தில்தான் கேட்டான். அதனாலேயே அவளால் கோபப்படவும் முடியவில்லை.

ஆகவே, பாரிவாக்கத்தில் கன்னியம்மாள் என்பவர் தன் வீட்டுக்கு மேலே கட்டியிருக்கும் மாடி வீட்டை வாங்கப்போகிறேன் என்று அவள் சொன்னதும் அம்மா தன் வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டார். சொந்தச் சேமிப்பு இருந்தது, வங்கிக் கடனும் கிடைத்துவிட்டது. "மறுபடியும் ஆரம்பிச்சிட்டாம்மா" என்று சர்ஃபராஸ் முணுமுணுத்தான். தஸ்லீம் சண்டை போடவில்லை. உச்சி வெயிலில் போய் வீட்டைப் பார்த்தாள். கொட்டுகிற மழையில் முழங்காலுக்குப் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு போய்ப் பார்த்தாள். டாக்டரிடமும் சொல்லிவிட்டு வந்தாள். ஆசை குறைந்தபாடில்லை.

பதிவுக்கு ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தைக் குறித்தார்கள். அதை விட்டால் ஆடி. ஆடியில் கன்னியம்மாள் ஒரு செங்கல்லைக்கூடக் கைமாற்ற மாட்டார். அந்த நாள் நெருங்க நெருங்க தஸ்லீமுக்குத் தூக்கம் போயிற்று. வெறும் சந்தோஷமாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். முகூர்த்தத்தன்று காலை, சர்ஃபராஸ் எதிரிலேயே கன்னியம்மாளுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, இன்னிக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். ரெண்டு நாளா தூக்கமில்ல. எனக்கு மனசுக்கு மாத்திரை சாப்புடற வியாதி இருக்கு. தூங்காதப்ப நான் எதையும் வாங்கறதில்ல. நல்லாத் தூங்கிட்டு வரேன்."

"இன்னாமா, வெளாட்றியா? உனுக்காவ ரெண்டு பார்ட்டிய வாணாம்னு அனுப்பிட்டு குந்திகினு கீறேன். இன்னிக்கி வுட்டியானா ஊடு கெடையாது, ஆமா!"

"போனாப் போவட்டும்க்கா."

சொல்லிவிட்டாள். போனை வைத்ததும் அடுப்படிச் சுவரில் சாய்ந்து அழுதாள். அந்த வீட்டை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. இத்தனை வருடம் எந்தத் தங்கைக்காகப் பயந்துகொண்டிருந்தோம் என்று சர்ஃபராஸுக்கே தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து டீ போட்டுக்கொண்டு வந்து, சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கொடுத்தான்.

டாக்டர் மாத்திரையைக் கொஞ்சம் மாற்றினார். தூக்கம் திரும்பியது. ஆடி பாதியில் கன்னியம்மாளே கூப்பிட்டார்.

"தூங்குனியா கண்ணு?"

"தூங்கறேன்க்கா. வீடு போயிடுச்சா?"

"எங்க போவும்? கீழ் ஊட்ல நான் கீறேன், மேல யாரு வர்றாங்கோன்னு பாக்க வாணாமா? வந்தவன்லாம் வாயத் தொறந்தாலே புளுகு. நீ ஒருத்திதான் உள்ளத சொன்ன. ஆவணி மொத முகூர்த்தம். வந்து சேரு."

ஆவணியில் பத்திரம் பதிந்தது. சாவி கைக்கு வந்ததும் அம்மா, அண்ணன், அவள் மூவரும் பாரிவாக்கம் போனார்கள். பிஸ்மில்லாஹ் சொல்லிக் கதவைத் திறந்த தஸ்லீம், "ஒரு நிமிஷம்" என்று தான் மட்டும் உள்ளே போய், கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பழைய வீட்டில் அவள் அறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் சர்ஃபராஸ்தான் அதைக் கழற்றியவன். அம்மா பதறிக் கதவைத் தட்டக் கை ஓங்கினார். அந்தக் கையை அவன் மெல்லப் பிடித்துக்கொண்டான். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டான். காலிங் பெல்லை ஒரே ஒரு தரம் அழுத்திவிட்டு, விருந்துக்கு வந்தவனைப்போலக் காத்து நின்றான்.